நீல முள்ளெலியின் வேகமும் செகாவின் அவசரமும்

சொனிக் என்றால் வேகம். முப்பது வருடத்துக்கு மேலாக இதைத்தான் சொல்லி விற்கிறார்கள். விளையாடினவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், ஒரு நாளும் தொட்டுப் பார்க்காதவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் முழு உடன்பாடு இல்லை. வேகம் இருக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வேகத்தை யார் உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் இந்த விளையாட்டுத் தொடரின் நல்லதும் கெட்டதும் கிடக்கிறது. விளையாடுகிறவன் உண்டாக்கினால் ஒரு கதை, கொம்பனி ஊட்டிவிட்டால் வேறு கதை. இது செகா கொம்பனிக்கே இடைக்கிடை மறந்துபோகும். மறந்த நேரமெல்லாம் சறுக்கியிருக்கிறார்கள்.

இதை எழுத வைத்தது எங்கள் குசினியில் பகுதிநேரமாக வேலை செய்கிற ஒரு பெடியன். இங்கேயே பிறந்தவன், கம்பசில் படிக்கிறான். “சொனிக்கில என்ன இருக்கண்ணை? ஒரு பட்டனை அமத்திப் பிடிச்சா அது தன்ர பாட்டில ஓடும். மாரியோ எண்டா யோசிச்சுப் பாயவேணும்” என்றான். கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. ஏனென்றால் அவனுக்குத் தெரிந்த சொனிக்கைப் பற்றி அவன் சொன்னது சரி. அவன் பிறந்த காலத்தில் வந்த சொனிக்குகள் கனக்க அப்படித்தான் இருந்தன.

நாற்பது தாண்டின ஆளுக்கு முள்ளெலி விளையாட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களும் இருப்பார்கள். எங்கட சனம் சினிமாவைப் பற்றி விடிய விடியக் கதைக்கும், கிரிக்கெட்டைப் பற்றிக் கதைக்கும். கேம் என்றால் மட்டும் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிற சாமான் என்று ஒரு வரியில் முடித்துவிடும். அதற்குக் கொடுக்கிற காசைப் பற்றியாவது கொஞ்சம் யோசிக்கலாம். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முள்ளெலி என்று நான் எழுதுவது வேடிக்கைக்கு இல்லை. ஹெட்ஜ்ஹொக் என்ற ஆங்கிலப் பெயரைப் பிரித்தால் வேலிப் பன்றி என்று வரும். யப்பான்காரன் அதை ஹரிநெசுமி என்கிறான். ஊசி எலி. தமிழில் முள்ளெலி. பன்றியை விட்டுவிட்டு எலியைப் பிடித்ததில் நாங்களும் யப்பான்காரரும் ஒரு பக்கம். இந்தப் பாத்திரத்துக்கு ஆரம்பத்தில் வைத்திருந்த பெயர்கூட ‘மிஸ்டர் நீடில்மவுஸ்’தான். அதுவும் ஊசி எலியேதான். தமிழ்நாட்டின் வரண்ட காடுகளில் உண்மையான முள்ளெலி உண்டு. முள்ளம்பன்றியோடு குழப்பக்கூடாது, அது வேறு, பெரிசு.

இனி விசயத்துக்கு வருவம்.

1980களின் கடைசியில் வீட்டில் விளையாடுகிற கேம் என்றால் யப்பானிலும் அமெரிக்காவிலும் நிண்டென்டோதான், நிண்டென்டோ என்றால் மாரியோ. மீசை வைத்த குழாய் திருத்துகிற மனுசன். செகாவிடம் மெகா ட்ரைவ் என்ற நல்ல கறுப்புப் பெட்டி இருந்தது, ஆனால் மாரியோவுக்கு எதிரே நிறுத்த ஒரு முகம் இல்லை. அந்த முகத்தை வரைந்தவர் நஒட்டோ ஒஷிமா. புரோகிராம் எழுதியவர் யுஜி நாகா. மேடு, பள்ளம், பாலம், பொறி எல்லாம் எங்கே வரவேண்டும் என்று கட்டங்களை அமைத்தவர் ஹிரோகசு யசுஹாரா. செகாவின் சின்னம் நீலம், ஆகவே முள்ளெலியும் நீலம். 1991 யூன் 23ஆம் திகதி வெளியில் வந்தது.

நாகா பின்னாளில் சொன்ன ஒரு விசயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாரியோவின் முதற் கட்டத்தைத் திரும்பத் திரும்ப விளையாடும்போது, ஒவ்வொரு தரமும் இன்னும் கெதியாக முடிக்கப் பார்ப்பாராம். அந்த ஆசையில் இருந்துதான் சொனிக் வந்தது. அதாவது வேகம் என்பது முதல்நாள் வருகிறவனுக்குக் கொடுக்கிற இனாம் இல்லை. பாதையைப் பாடமாக்கினவனுக்குக் கிடைக்கிற கூலி. தொடங்கின இடமே அதுதான்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். படித்ததில் கன விசயம் மறந்துவிட்டது, உந்தம் மட்டும் மறக்கவில்லை. முதலாவது சொனிக்கில் இருப்பது அதுதான். மாரியோ ஓடுகிற நிலம் பெரும்பாலும் தட்டையும் படியும். சொனிக்கின் நிலம் வளைந்து கிடக்கும். இறக்கத்தில் ஓடினால் வேகம் கூடும், ஏற்றத்தில் குறையும். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ் அம்புக்குறியை அமத்தினால் பந்து மாதிரிச் சுருண்டு உருளுவான்; இறக்கத்தில் உருண்டால் ஓடுவதைவிடக் கெதியாகப் போவான். தலைகீழாகச் சுற்றி வருகிற வளையப் பாதை ஒன்று வரும். போதிய வேகம் இல்லாமல் அதில் ஏறினால் பாதியில் சறுக்கித் திரும்பி வருவான். அழுத்தசக்தி இயக்கசக்தியாக மாறுகிற பாடத்தை எங்களுக்குக் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறிக் காட்டினார்கள். அதைப் பத்து வயதுப் பிள்ளை பெருவிரலால் படித்துவிடுகிறது.

இதில் ‘வேகப் பட்டன்’ என்று ஒன்று கிடையாது. மெகா ட்ரைவ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மூன்று பட்டன், மூன்றும் பாய்வதற்குத்தான். வேகம் நிலத்தில் இருக்கிறது. அதை எடுக்கத் தெரிந்தவன் எடுக்கலாம்.

குசினியில் நின்றவர்களுக்கு இது லேசாக விளங்கும். கொத்துரொட்டி போடுகிறவனைப் பாருங்கள். தகட்டில் இரண்டு கையாலும் டக டக என்று அடித்து மூன்று நிமிடத்தில் தட்டில் போட்டுவிடுவான். பார்க்கிற சனம் அவனுடைய கையைத்தான் பார்க்கும். காலமை பத்து மணிக்கு வெட்டி வைத்த வெங்காயமும் லீக்சும் கரட்டும், முதலே போட்டு அடுக்கி வைத்த ரொட்டியும், கொதித்து இறக்கின குழம்பும்தான் அந்த மூன்று நிமிடம். அது வேகம். வெங்காயம் வெட்டாமல், ரொட்டி போடாமல், வெள்ளிக்கிழமை இரவு இருபது ஓடர் ஒன்றாக வரும்போது ஓடித் திரிகிறது அவசரம். இரண்டையும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும்.

முதலாவது சொனிக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அது முழுக்க வேகமான கேமே இல்லை. ஆறு கட்டத்தில் முதலாவதான கிரீன் ஹில் பறக்கும். இரண்டாவதான மார்பிள், நெருப்புக் குழம்புக்கு மேலே கல்லில் ஏறி நின்று காத்திருக்கிற இடம். நாலாவதான லபிரிந்த் தண்ணீருக்குள். அங்கே சொனிக் ஆமை மாதிரி நடப்பான், மூச்சுக்குமிழியைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் ஐந்தில் இருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கும், அதோடு ஒரு இசை வரும். அந்த இசையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடிக்கும். அந்த மெதுவான இடங்களைப் பலர் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். காத்திருந்தவனுக்குத்தான் ஐந்தாவது கட்டமான ஸ்டார் லைட்டில் இரவு வெளிச்சத்துக்குள் இறங்கி ஓடுகிற ருசி தெரியும்.

பிறகு அந்தப் பொன் வளையங்கள். மாரியோவில் காசு சேர்த்தால் நூறுக்கு ஒரு உயிர், அவ்வளவுதான். சொனிக்கில் வளையம்தான் உயிர்க்காப்பு. கையில் ஒரு வளையம் இருந்தால் அடி விழுந்தாலும் சாகமாட்டாய். ஆனால் அடி விழுந்த அந்த நொடியில் சேர்த்தது முழுக்கச் சிதறும். எண்பது வைத்திருந்தாலும் சரி, ஒன்று வைத்திருந்தாலும் சரி, எல்லாம் போகும். சிதறினது நாலு பக்கமும் துள்ளும், சில நொடிகளில் மறைந்துவிடும். அதற்குள் எட்டினதைப் பொறுக்கிக்கொண்டு ஓடவேண்டும். எல்லாவற்றையும் பொறுக்க நின்றால் அடுத்த அடி விழும். ஒன்றை எடுத்தாலே போதும், திரும்ப நீ உயிருள்ள ஆள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. நாவற்குழிப் பக்கம் போகிற றோட்டில், மழைக்குள், வீடு முழுவதையும் சைக்கிளில் கட்ட முயன்றவர்களையும் கண்டேன், ஒரு பையோடு நடந்தவர்களையும் கண்டேன். கேம் செய்த யப்பானியர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க ஞாயமில்லை. விளையாடுகிற பிள்ளை சும்மா சும்மா செத்துக் கோபத்தில் பெட்டியை நிற்பாட்டிவிடக்கூடாது என்ற யோசனையாக இருக்கும். ஆனால் நான் விளையாடின எந்தக் கேமிலும், இழக்கிறதை இவ்வளவு சரியாகச் செய்து காட்டின இன்னொன்றைக் காணவில்லை.

இந்த முள்ளெலி லண்டனில் சக்கரவர்த்தியாக இருந்த காலத்தில் நாங்கள் இங்கே இல்லை. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு குடாநாட்டுக்கு மின்சாரமே இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து றேடியோவுக்குக் கரண்ட் எடுத்த காலம். அந்த வருடங்களில் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் நீ செகாவா நிண்டென்டோவா என்று பிள்ளைகள் கட்சி பிரிந்து நின்றிருக்கிறார்கள். அமெரிக்காவைப்போல் இல்லை, இங்கே செகாவின் கை நன்றாக ஓங்கியிருந்தது. மெகா ட்ரைவ் இங்கே 1990இலேயே வந்துவிட்டது, நிண்டென்டோவின் சூப்பர் பெட்டி வர 1992 ஆகிவிட்டது. ‘சொனிக் த கொமிக்’ என்று பிரித்தானியாவிலேயே எழுதி வரைந்த சித்திரக்கதைப் புத்தகம் 1993இல் இருந்து 2002 வரை வந்தது. 1993 ஏப்ரல் 11ஆம் திகதி டொனிங்ரனில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிறீ கார் ஓட்டத்துக்கே செகாதான் காசு கொடுத்தது. கொட்டுகிற மழையில் அயர்டன் சென்னா வென்றார், அவருக்குக் கொடுத்த கிண்ணத்திலும் சொனிக் நின்றான். பகிடி என்னவென்றால் செகா காசு கொடுத்தது சென்னாவுக்குப் போட்டியான வில்லியம்ஸ் அணிக்கு. சென்னாவின் மக்லாரன்காரர் பழிக்கு நசுங்கின முள்ளெலிப் படத்தைத் தங்கள் காரில் ஒட்டினார்கள்.

1996இல் பிக்கடிலி சேர்க்கசில் உள்ள ட்ரொக்கடேரோக் கட்டடத்தில் செகாவேர்ல்ட் என்று மாடி மாடியாக ஒரு கேம் உலகத்தைத் திறந்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பெயர் கழன்றது. நான் 2002இல் வந்து வெஸ்ட் எண்டில் கோப்பை கழுவத் தொடங்கியபோது அது ஃபன்லாண்ட் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது, 2011இல் அதையும் மூடினார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் ஹொட்டேல். ஆர்சனல் காரருக்கும் ஞாபகம் இருக்கும்: 1999 தொடக்கம் 2002 வரை ஆன்றி, பெர்க்காம்ப் எல்லாரும் நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடின பெயர்கள் ட்ரீம்காஸ்ட், செகா. அந்தக் கடைசி வருடம் லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் சேர்த்து எடுத்தார்கள். செகாவின் பெட்டி வியாபாரம் அதற்கு முதலே படுத்துவிட்டது.

நான் சொனிக்கைக் கண்டது அந்த 2002இல்தான். கார் பூட் விற்பனையில் ஐந்து பவுணுக்கு ஒரு பழைய மெகா ட்ரைவ், கூடவே மூன்று கேம். ஈஸ்ட்ஹாமில் நாலு பேர் இருந்த அறை. உலகம் அதைக் கைவிட்டபிறகு எங்களிடம் வந்தது. அதனால் அதை விளம்பரம் இல்லாமல் பார்க்கமுடிந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சொனிக் 1992 நவம்பர் 24ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. இரண்டு என்ற ஆங்கிலச் சொல்லையும் செவ்வாயையும் சேர்த்து ‘சொனிக் டூஸ்டே’ என்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கலிபோர்னியாவில் இருந்து, யப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து, நத்தாருக்கு முதல் முடிக்கவேண்டும் என்ற நெருக்கடியில் செய்த கேம் அது. நெருக்கடி இருந்தும் ஏன் நன்றாக வந்தது? ஹிடன் பலஸ் என்ற ஒரு முழுக் கட்டத்தையே கடைசியில் தூக்கி எறிந்தார்கள். வேகாத சாமானைத் தட்டில் வைக்கவில்லை, மெனுவில் இருந்து எடுத்துவிட்டார்கள். இதுதான் வித்தியாசம்.

மூன்றாவதில் இன்னும் கெட்டித்தனம். கேம் பெரிதாகிவிட்டது, நேரமும் காணாது, கசெற்றில் இடமும் காணாது. பாதியை 1994 தொடக்கத்தில் ‘சொனிக் 3’ என்று விட்டார்கள், மிச்சத்தை ஒக்ரோபரில் ‘சொனிக் அண்ட் நக்கிள்ஸ்’ என்று விட்டார்கள். இரண்டாவது கசெற்றின் தலையில் ஒரு வாய் இருக்கும். முதலாவதை அதில் செருகினால் இரண்டும் ஒரே கேமாகிவிடும். இரண்டு தரம் காசு வாங்கினார்கள் என்று குறை சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டும் வெந்திருந்தன. என்னைக் கேட்டால் தொடரின் உச்சம் அந்த இரண்டும் ஒட்டின கேம்தான்.

அதன்பிறகு வந்தது இருட்டுக் காலம். 1996இல் நிண்டென்டோ ‘சூப்பர் மாரியோ 64’ என்று மாரியோவை முப்பரிமாண உலகத்தில் இறக்கியது. சாட்டர்ன் பெட்டிக்கு செகா செய்துகொண்டிருந்த ‘சொனிக் எக்ஸ்ட்ரீம்’ அந்த நத்தாருக்கு வரவேண்டியது. தலைமை மாறி, திட்டம் மாறி, வேலை செய்தவர்களை நோயாளியாக்கி, கடைசியில் கைவிடப்பட்டது. சாட்டர்னுக்கென்று ஒரு முழு சொனிக் ஓட்டக் கேம் வரவேயில்லை. ஒரு கொம்பனி தன்னுடைய முகத்தை வீட்டில் விட்டுவிட்டு சந்தைக்குப் போன மாதிரி.

1998 கடைசியில் யப்பானிலும் அடுத்த வருடம் இங்கேயும் ட்ரீம்காஸ்டில் ‘சொனிக் அட்வெஞ்சர்’ வந்தது. இதைக் கொண்டாடுகிறவர்கள் கனபேர். நானும் விரும்பித்தான் விளையாடினேன். அதன் முதற் கட்டத்தில் கடற்கரைப் பாலத்தில் சொனிக் ஓட, பின்னால் ஒரு பெரிய திமிங்கிலம் பாய்ந்து பாய்ந்து பாலத்தை உடைத்துக்கொண்டு வரும். பார்த்தால் வாய் பிளப்பீர்கள். ஆனால் அந்த நேரத்தில் உங்களுடைய கை என்ன செய்கிறது என்று ஒருக்கால் கவனியுங்கள். முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வேகத்தை விளையாடுவதற்குப் பதிலாக வேகத்தைப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. எங்கள் பெடியன் சொன்ன குற்றச்சாட்டின் விதை அந்தப் பாலத்தில்தான் விழுந்தது.

2001 ஜனவரி 31ஆம் திகதி ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக செகா அறிவித்தது. அந்த வருடம் முடிவதற்குள் சொனிக் நிண்டென்டோவின் பெட்டிகளில் ஓடினான். பத்து வருடம் எதிரி வீடு என்று சொன்ன வீட்டில் வாடகைக்கு. நாட்டை விட்டு வந்தவனுக்கு அதைப் பார்த்துச் சிரிக்க மனம் வராது. நின்ரால்தானே ஓடலாம்.

2006ஐப் பற்றித்தான் நான் கொஞ்சம் கடுமையாக எழுதவேண்டும். பதினைந்தாவது ஆண்டு. புதிய எக்ஸ்பொக்ஸ் 360க்கும் பிளேஸ்டேஷன் 3க்கும் பெரிய எடுப்பில் ஒரு கேம், பெயரும் வெறுமனே ‘சொனிக் த ஹெட்ஜ்ஹொக்’. பாதி வழியில் யுஜி நாகா கொம்பனியை விட்டுப் போனார். இருந்த குழுவையும் இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை நிண்டென்டோ வீக்கு வேறு சொனிக் செய்ய அனுப்பினார்கள். தேதியை மட்டும் மாற்றவில்லை. எக்ஸ்பொக்சில் நவம்பரில் கடைக்கு வந்தது. ஊரில் ஒரு ஆளோடு கதைக்கப் போனால் ஏற்றும் வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், இரண்டு வரி கதைத்து முடிய இன்னொரு தரம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சொனிக் சுவருக்குள் போவான், தரைக்குள் விழுவான். இந்தத் தொடர் 1991இல் எதில் தொடங்கியதோ, அந்த இறக்கமும் உந்தமும் இதில் இல்லவே இல்லை.

சும்மா ஒரு கணக்குப் பாருங்கள். 2006 ஒக்ரோபரில் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 5 பவுண் 35 பென்ஸ். ஒரு புதுக் கேம் நாற்பது பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை மணித்தியாலம் கோப்பை கழுவவேண்டும், வரி கழிக்காமலே. நத்தாருக்கு பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது என்று அந்தக் காசைக் கொடுத்த தகப்பன்மார் இருப்பார்கள். எங்கள் தொழிலில் உள்ளே இரத்தம் தெரிகிற கோழியை அனுப்பினால் தட்டு திரும்பி வரும், காசு கேட்கமுடியாது, சுகாதார இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டுவார். கேமில் தட்டைத் திருப்பி அனுப்பமுடியாது. பெட்டி உடைத்தால் உடைத்ததுதான். பிறகு இணையத்தில் திருத்தம் வரும் என்பார்கள். வயிற்றுக்குள் போன கோழிக்கு என்ன திருத்தம்?

அதே காலத்தில்தான் வேகப் பட்டனும் வந்தது. 2005இல் ‘சொனிக் ரஷ்’ என்ற கையடக்கக் கேமில் தொடங்கி, 2008இல் ‘அன்லீஷ்ட்’டில் பெரிதாகி நின்றுவிட்டது. அமத்திப் பிடி, பீரங்கிக்குண்டு மாதிரிப் போவான், எதிரே வருகிறவர்கள் சிதறுவார்கள். இறக்கம் தேவையில்லை, பழக்கம் தேவையில்லை. நான் இதை முழுக்கக் கெட்டது என்று சொல்லமாட்டேன். 2011இல் இருபதாவது ஆண்டுக்கு வந்த ‘ஜெனரேஷன்ஸ்’ பழைய சொனிக்கையும் புதிய சொனிக்கையும் ஒரே கேமில் வைத்தது. அதில் புதியவனுடைய பாதைகளையும் வீட்டுக்காரர் வீடு கட்டுகிற மாதிரிக் கவனமாகக் கட்டியிருந்தார்கள். எந்த இடத்தில் பட்டனை விடவேண்டும் என்று தெரிந்தவன்தான் அதில் நன்றாகப் போகலாம். வேகத்தைச் சும்மா கொடுத்தாலும் செலவழிக்கத் தெரியவேண்டும் என்று கேட்டது. ஆனால் அது ஒன்றுதான் அப்படி. அன்லீஷ்டில் இரவானால் சொனிக் ஓநாயாக மாறி ஆட்களை அடிப்பான். அதைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை.

2010இல் ‘சொனிக் 4’ என்று பழைய பாணியில் ஒன்று விட்டார்கள். பெயரைப் பார்த்து ஓடிப்போனவர்களுக்கு ஏமாற்றம். வலது அம்புக்குறியில் இருந்து விரலை எடுத்தால் ஆள் அந்தரத்திலேயே பிரேக் போட்ட மாதிரி நிற்பான், இறக்கத்தில் சுருண்டாலும் வேகம் கூடாது. படம் பழைய படம், பாட்டு பழைய மாதிரிப் பாட்டு, உந்தம் மட்டும் இல்லை. பிரியாணி வாசத்தை வெள்ளைச் சோற்றுக்கு அடித்த மாதிரி.

லண்டன்காரர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2012 ஒலிம்பிக் எங்கள் பக்கத்து ஸ்ட்ராட்போர்டில் நடந்ததே, அதற்கென்று 2011 நவம்பரில் மாரியோவும் சொனிக்கும் சேர்ந்து ஓடுகிற கேம் ஒன்று வந்தது. இருவரும் முதல் தரம் சேர்ந்தது 2007இல், பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காக. இருபது வருடச் சண்டை நூறு மீட்டர் ஓட்டத்தில் முடிந்தது. கேம் சுமார்தான். அதில் மாரியோ சொனிக்கை ஓட்டத்தில் வெல்லலாம் என்பதை மட்டும் என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ளமுடியவில்லை.

கடைசியில் இந்தத் தொடரை எழுப்பிவிட்டது ரசிகர்கள். கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற அவுஸ்திரேலியப் பெடியன் பழைய ‘சொனிக் சிடி’ கேமைத் தானே எழுதின புரோகிராமில் ஓட வைத்துக் காட்டினார். நிண்டென்டோவாக இருந்தால் வக்கீல் கடிதம் போயிருக்கும். செகா கூப்பிட்டு வேலை கொடுத்தது, 2011இல் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அவரும் அவரைப் போன்ற ரசிகர்களும் சேர்ந்து 2017 ஓகஸ்டில் கொடுத்தது ‘சொனிக் மானியா’. தட்டைப் படம், இருபரிமாணம், 1994இல் விட்ட இடத்தில் இருந்து. விளையாடின முதல் பத்து நிமிடத்திலேயே பெருவிரலுக்கு விளங்கிவிட்டது. இறக்கம் திரும்பி வந்துவிட்டது. அதே வருடம் நவம்பரில் செகாவின் சொந்தக் குழு ‘ஃபோர்சஸ்’ என்று பெரிய செலவில் ஒன்று விட்டது. பட்டனை அமத்து, இரண்டு நிமிடத்தில் கட்டம் முடிந்தது, அடுத்தது. ரசிகர் செய்தது சமையல், கொம்பனி செய்தது மைக்ரோவேவ்.

சினிமாக்காரரிடம் இதில் படிக்க ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் கடைசியில் சொனிக் படத்தின் முன்னோட்டம் வந்தது, மனுசப் பல்லோடு ஒரு முள்ளெலி. உலகமே கத்தியது. அவர்கள் நவம்பரில் வரவேண்டிய படத்தை 2020 பெப்ரவரிக்குத் தள்ளி, ஆளைத் திரும்ப வரைந்தார்கள். மூன்று மாதம்தான். படம் ஓடியது, இரண்டாவது வந்தது, 2024 டிசம்பரில் வந்த மூன்றாவதில் லண்டனும் வருகிறது. செகாவும் அதைப் பார்த்திருக்கும் போல. முப்பதாவது ஆண்டுக்கு நினைத்திருந்த ‘ஃப்ரொன்டியர்ஸ்’ கேமைத் தரத்துக்காகப் பிந்தவைத்து 2022 நவம்பரில் விட்டார்கள். பெரிய தீவுகள், வெறும் வெளி, கொஞ்சம் வெறுமைதான், என்றாலும் வெந்திருந்தது.

பாடம் படித்துவிட்டார்கள் என்று எழுதத்தான் ஆசை. அதே 2022 யூனில் பழைய நாலு கேமையும் சேர்த்து ‘ஒரிஜின்ஸ்’ என்று விட்டார்கள். மானியாவில் வேலை செய்த ஹெட்கனன் குழுவும் அதில் வேலை செய்தது. வெளிவந்த உடனேயே அந்தக் குழுவின் தலைவர், தாங்கள் கொடுத்ததில் இல்லாத பிழைகள் வெளிவந்ததில் இருக்கின்றன என்றும், அவகாசம் தொடக்கத்திலேயே திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை என்றும் பகிரங்கமாகச் சொன்னார். தேதி சொனிக்கின் பிறந்தநாள், 23. அதை மாற்றமாட்டார்களாம். 2023இல் ஒஷிமாவின் குழுவோடு சேர்ந்து செய்த ‘சூப்பர்ஸ்டார்ஸ்’ நல்ல கேம், இறக்கமும் உந்தமும் ஒழுங்காக இருக்கிறது. அதைக் கொண்டுபோய் நிண்டென்டோவின் ‘மாரியோ வொண்டர்’ வருவதற்கு மூன்று நாள் முதல் கடையில் வைத்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. யார் இவர்களுக்கு நாள் பார்த்துக் கொடுக்கிறார்களோ தெரியாது :-)

பிள்ளைகளுக்கு வாங்க யோசிக்கிறவர்களுக்கு: மானியா முதலில், விலையும் குறைவு. பிறகு 2024இல் திரும்ப வந்த ஜெனரேஷன்ஸ், அதில் ஷடோ என்ற கறுப்பு முள்ளெலியின் புதுக் கேமும் சேர்ந்திருக்கிறது. 2006ஐ யாராவது சும்மா தந்தாலும் வேண்டாம். பழைய மெகா ட்ரைவ் எங்காவது அகப்பட்டால் விடாதீர்கள், ஆனால் வயரைப் பார்த்து வாங்குங்கள். அந்த ஏரியல் வயர் இப்போதைய ரீவிகளில் படம் பிடிக்க ஒரு மணித்தியாலம் மெனக்கெடவேண்டும். படம் வந்ததும் பிள்ளையிடம் கிரீன் ஹில்லின் முதல் இறக்கத்தில் கீழ் அம்புக்குறியை அமத்தச் சொல்லுங்கள். வேறொன்றும் சொல்லிக் கொடுக்கவேண்டாம்.